வண்டி எடை போக

இப்படி வந்து உட்காருங்கள் அம்மா. அந்த பெஞ்சுக்கு ஒரு கால் ஆடும். டாக்டரம்மா இப்போதைக்கு வர மாட்டார்கள். மல்லி கிராமத்துப் பக்கம் ஒரு பசுவுக்குக் கன்று வயிற்றில் குறுக்கே கிடக்கிறதாம், பைக்கில் கூட்டிப் போய்விட்டார்கள். அந்தக் கன்று வெளியே வந்த பிறகுதான் நம்முடைய முறை. கூடையில் என்ன, பூனையா? மூடியைக் கொஞ்சம் தூக்குங்கள், பார்ப்போம்.

நல்ல பூனை. கொஞ்சம் கூடுதல். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நான் எடை பார்த்தே பிழைத்தவன். பூனை உட்கார்ந்தால் பூனை மாதிரி இருக்க வேண்டும். இது இட்லிப் பானை மாதிரி இருக்கிறது.

இவனைப் பார்த்துப் பயப்படாதீர்கள். துரை, படு. பூனையைக் கண்டால் எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பான். யோசித்து முடிப்பதற்குள் பூனை அடுத்த தெருவுக்குப் போய்விடும். ராஜபாளையம் நாய்தான். ஏன் சிரிக்கிறீர்கள்? எல்லோரும் சிரிப்பார்கள், எனக்குப் பழகிவிட்டது. ராஜபாளையம் நாய் என்றால் வில் மாதிரி வளைந்து, இடுப்பு ஒட்டி, விட்டால் முயலைப் பிடிக்கிற மாதிரி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இவனும் அந்த வம்சம்தான். இப்போதுகூட முப்பத்து மூன்று கிலோ. இறங்கிக்கொண்டிருக்கிறான். போன ஆடியில் நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

போன ஆடி அமாவாசை. வாசலில் இவன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கிறான். வெள்ளை வெளேரென்று இருப்பானா, பின்னாலிருந்து பார்த்தால் கன்றுக்குட்டி. அகத்திக்கீரைக் கட்டோடு வந்த ஒரு அம்மாள் இவன் பின்பக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கீரையை முன்னால் நீட்டிவிட்டாள். இவன் திரும்பினான். அவள் அலறினாள். இவன் கீரையைத் தின்றுவிட்டான். முழுக் கட்டையும். நாய் அகத்திக்கீரை தின்று எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லத் தெரியாத பிள்ளை இவன்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இதைப் போனில் என் மகளிடம் சொல்லிச் சிரித்துவிட்டேன். என் மகள் கோதையை ராஜபாளையத்தில் கொடுத்திருக்கிறேன். அவளுடைய மாமனார் சீனிராஜ். பேரில்தான் சீனி. அவர் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து இந்த ஜாதி நாய் வளர்க்கிறார்கள். துரையும் அவர் வீட்டுக் குட்டிதான். என் வீட்டுக்காரி பத்மா தவறிப்போன வருஷம், இவனை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கோதை வந்தாள். "அப்பா, இதைக் காலையிலயும் சாயங்காலமும் நடக்கக் கூட்டிட்டுப் போகணும். மறந்துராதீங்க" என்று படித்துப் படித்துச் சொன்னாள். நாய்க்கு எதற்கு நடை? நான்கு கால் இருக்கிறது, வேண்டுமென்றால் தானே நடந்துவிட்டுப் போகிறது என்று விட்டுவிட்டேன். எனக்கு எங்கே நேரம் அம்மா? என்னையே சர்க்கரை டாக்டர் ரெண்டு வருஷமாக நடக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அதற்கே எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

கீரை விஷயம் சம்பந்தி காதுக்குப் போனது. அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். வாசலிலேயே நின்று துரையைப் பார்த்தார். ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"சம்பந்தி, இது எங்க வீட்டு நாயா, இல்ல எங்க வீட்டு நாயை முழுங்கின நாயா?"

நான் காபி குடியுங்கள் என்றேன். குடிக்கவில்லை. உட்காரவும் இல்லை. இந்த உடம்போடு இருந்தால் இடுப்பு விட்டுப்போகும், மூச்சு நின்றுவிடும், இன்னும் ரெண்டு வருஷம்கூட ஓட்டாது என்றார். தை பிறக்கிறதுக்குள் முப்பது கிலோவுக்குக் கீழே வந்தால் நாய் என்னோடு இருக்கலாம், இல்லாவிட்டால் சங்கிலியோடு கூட்டிப்போய்விடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பெண்ணைக் கொடுத்த இடம். எதிர்த்துப் பேச முடியுமா? சரி சம்பந்தி என்றேன். வார்த்தை கொடுத்துவிட்டேன்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் சிரிப்பீர்கள். வீட்டில் நான் எதையாவது தேடினால், எங்கே வைத்தேன் என்று வாய்விட்டுக் கேட்கிற பழக்கம் எனக்கு. பத்மா போன பிறகு அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. இவன் வந்த பிறகு, பதில் இல்லாவிட்டாலும், ஒரு காதாவது தூக்குவான். அது போதும் எனக்கு. அதையும் ஒருவர் சங்கிலியைப் பிடித்துக் கூட்டிப்போய்விட்டால்?

மறுநாளே இங்கே வந்துவிட்டேன். இதே பெஞ்சு. டாக்டரம்மா துரையின் விலாவில் கை வைத்துத் தடவினார்கள். விரலுக்கு எலும்பு தட்டுப்பட வேண்டுமாம். எலும்பு எங்கோ உள்ளே இருந்தது. "சாப்பாட்டைப் பாதியாக் குறைங்க. ராத்திரி சாப்பாடு கூடவே கூடாது. தினம் ரெண்டு வேளை நடக்கணும்" என்றார்கள். மூன்றே மூன்று விஷயம். நான் மூன்றையும் அப்படியே பிடித்துக்கொண்டேன். டாக்டர் சொன்னதில் ஒரு எழுத்து நான் மாற்றவில்லை.

மதியம் துரைக்குப் போடுகிற சோற்றைச் சரிபாதியாக ஆக்கினேன். ராத்திரி சாப்பாடு அறவே கிடையாது. பலகாரம்தான். எங்கள் வீட்டில் சனிக்கிழமை விரதம் அம்மா, ராத்திரி சோற்றைத் தொட மாட்டோம். இட்லி, தோசை, உப்புமா, அதோடு சரி. துரைக்கு வாரத்தில் ஏழு நாளையும் சனிக்கிழமை ஆக்கிவிட்டேன். எங்கள் தெருவில் பால்கோவா கிண்டுகிற இடம் ஒன்று இருக்கிறது. சாயங்காலம் வாணலியில் ஒட்டிய காந்தலைச் சுரண்டி இவனுக்குப் போடுவார்கள். அதை எதற்கு நிறுத்துவது? காந்தலை யாராவது சாப்பாடு என்று சொல்வார்களா?

பாதிச் சோறு என்றதும் இவன் என்ன செய்தான் தெரியுமா? நான் சாப்பிட உட்கார்ந்தால் எதிரே வந்து உட்கார்ந்துவிடுவான். கேட்க மாட்டான். குரைக்க மாட்டான். பார்ப்பான். அந்தக் கண்ணை நீங்கள் பார்க்க வேண்டும், ஏதோ பந்தியில் இடம் கிடைக்காமல் நிற்கிற பெரிய மனுஷன் மாதிரி. ஒருத்தரைப் பார்க்க வைத்துத் தின்றால் வயிற்றை வலிக்கும் இல்லையா? எனக்கு வலிக்கும். பத்மா இருக்கிற வரைக்கும் அப்படித் தின்ன விட்டதே இல்லை. அதனால் என் தட்டில் இருப்பதில் ஆளுக்குப் பாதி என்று வைத்துக்கொண்டேன். ஆறு இட்லி வார்த்தால் அவனுக்கு மூன்று, எனக்கு மூன்று. அது அவனுக்குப் போட்ட சாப்பாடு இல்லை, பாருங்கள். அது என்னுடைய சாப்பாடு. அதிலிருந்து கொஞ்சம் திருஷ்டிக்கு.

நடையையும் ஆரம்பித்தேன். விடிந்தால் பெரிய குளத்தைச் சுற்றி ஒரு நடை, சாயங்காலம் மறுபடி ஒரு நடை. முதலில் நான் இழுப்பேன், அவன் உட்காருவான். அப்புறம் அவன் இழுப்பான், நான் உட்காருவேன். புரட்டாசிக்குள் ரெண்டு பேரும் உட்காராமல் சுற்ற ஆரம்பித்தோம். வெயில் இல்லை, மழை இல்லை. மழையில் குடை பிடித்துக்கொண்டு நடந்தோம். குடை அவனுக்கு. ஜலதோஷம் பிடித்துப் படுத்துவிட்டால் நடை கெட்டுப்போகும், எடை ஏறிப்போகும், சம்பந்தி சங்கிலியோடு வந்து நிற்பார்.

எடை பார்க்கிறதுதான் இதில் முக்கியம். அப்போது இந்த ஆஸ்பத்திரியில் பெரிய நாயை நிறுத்த மேடை கிடையாது. எங்கள் கடைத்தெருவில் வெயிலுமுத்துவின் பருப்பு மண்டி இருக்கிறது. மூட்டை நிறுக்கிற தராசு. துரை அதில் தனியாக ஏற மாட்டான், கால் நடுங்கும். நான் கூட ஏறினால் ஏறுவான். சரி, அதில் என்ன கஷ்டம்? நான் நூற்பாலையில் எடைக்கூடத்தில் வேலை பார்த்தவன் அம்மா. பணி ஓய்வு வரைக்கும் அதே கூடம்தான். நூல் கோன்களைத் தள்ளுவண்டியில் அடுக்கி, வண்டியோடு தராசில் ஏற்றுவோம். காலி வண்டியின் எடை வண்டி நெற்றியிலேயே பெயிண்டில் எழுதியிருக்கும். மொத்தத்தில் அதைக் கழித்தால் நூல். வண்டியைத் தினம் தினம் யாராவது நிறுப்பார்களா? அது இரும்பு. அது பாட்டுக்கு இருக்கும். நூல்தான் கூடும் குறையும்.

அதே கணக்குத்தான். என் எடை எண்பத்திரண்டு என்று சர்க்கரை டாக்டர் சீட்டில் இருக்கிறது. முதல் தடவை துரையும் நானும் ஏறினோம். நூற்றிருபது. என்னைக் கழித்தால் துரை முப்பத்தெட்டு. வெயிலுமுத்து, "அண்ணாச்சி, ரெண்டு மூட்டையையும் இறக்குங்க, வியாபாரம் பாக்கணும்" என்றான். சொல்லட்டும். எனக்கு வேண்டியது எடை.

மாதம் ஒரு தடவை ஏறினோம். முப்பத்தெட்டு, முப்பத்தாறு ஆனது. ஐப்பசியில் முப்பத்து மூன்றாகிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. குளக்கரையில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னேன், பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவர்களிடம் சொன்னேன், பால்காரரிடம் ஒரே விஷயத்தை வாரம் முழுக்கச் சொன்னேன். வெயிலுமுத்து மட்டும், "தராசு இளைச்சிருக்குங்குது, கண்ணு இல்லேங்குது அண்ணாச்சி" என்று தலையைச் சொறிந்தான். எடைக்கூடத்தில் இருந்தவன் கண்ணை நம்பலாமா? கண்ணை நம்பினால் தராசு எதற்கு?

ஊர்க்காரர்களுக்கெல்லாம் தெரிந்தது. எதிரே வருகிறவர்கள் நின்று, "என்ன, ரொம்ப இளைச்சாச்சு போலிருக்கே" என்று கேட்பார்கள். ஆமாம், இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும் என்று துரையின் தலையைத் தடவுவேன். சில பேர் கேட்கும்போது துரையைப் பார்க்காமல் என்னைப் பார்ப்பார்கள். நாயைப் பற்றி நாயின் முகத்துக்கு நேரே கேட்கக் கூச்சமாக இருக்கும் போல.

அந்த ஆறு மாதமும் எனக்கு வேறு வேறு தொல்லைகள். பனியன் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. இப்போது துணியில் பசையை ஏற்றி விற்கிறார்கள், ரெண்டு துவைப்பில் தளர்ந்துவிடுகிறது. கைக்கடிகாரம் மணிக்கட்டில் சுழல ஆரம்பித்தது, பட்டை தேய்ந்துபோயிற்று. சர்க்கரை டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்துவிட்டார், என்ன தட்டுப்பாடோ தெரியவில்லை. என் கையைப் பிடித்துக் குலுக்கினார் வேறு. நான் துரை முப்பத்து மூன்று என்று சொன்னேன். அவரும் சந்தோஷம் என்றார்.

மார்கழியில் ஏறினோம். நூற்றுப்பதினொன்று. என்னைக் கழித்தால் இருபத்தொன்பது. இருபத்தொன்பது அம்மா! அந்தத் தராசை நான் கும்பிட்டேன். வெயிலுமுத்து பார்க்கிறான் என்றுகூட எனக்கு வெட்கம் இல்லை.

பொங்கல் முடிந்து கடைகள் திறந்த அன்றைக்குச் சம்பந்தி வந்தார். கோதையும் கூட வந்தாள். அவர் தோளில் ஒரு புதுச் சங்கிலி. நான் வாசலுக்கே ஓடிப்போய் இருபத்தொன்பது என்றேன். சம்பந்தி துரையைப் பார்த்தார். குனிந்து விலாவைத் தடவினார். இந்தப் பக்கம் தடவினார், அந்தப் பக்கம் தடவினார்.

"இருபத்தொம்பதா? விலா எங்க சம்பந்தி?"

கோதை நாயைப் பார்க்கவே இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறு மாதமாக வர முடியவில்லை அவளுக்கு, கைக்குழந்தை. தினம் போனில்தான் பேச்சு. என்னப்பா இப்படி, என்றாள். துரைக்காகக் கவலைப்படுகிறாள் பாவம் என்று, பயப்படாதே, தராசு பேசும் வா, என்று எல்லோரையும் மண்டிக்குக் கூட்டிப் போனேன். ஊர்வலம் மாதிரி போனோம். முன்னால் துரை, பின்னால் நான், அப்புறம் சங்கிலியோடு சம்பந்தி, கடைசியில் கோதை.

துரையும் நானும் ஏறினோம். நூற்றுப்பதினொன்று. எண்பத்திரண்டைக் கழியுங்கள் என்றேன். சம்பந்தி தராசைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நாயை நான் பிடிச்சிக்கிறேன். நீங்க மட்டும் நில்லுங்க."

எதற்கு என்றேன். சும்மா நில்லுங்கள் என்றார். வண்டியைப் போய் நிறுக்கச் சொல்கிறாரே, மனுஷருக்கு எடைக்கணக்கு தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டு நின்றேன். முள் எழுபத்து மூன்றில் நின்றது.

தராசு கெட்டுவிட்டது வெயிலுமுத்து என்றேன். அவனுக்கு வந்ததே கோபம். ஒரு துவரம்பருப்பு மூட்டையை இழுத்து ஏற்றிக் காட்டினான். சரியாக ஐம்பது. அந்த மூட்டையை இறக்கிவிட்டு என்னை மறுபடி ஏற்றினான். எழுபத்து மூன்று.

"சம்பந்தி," என்றார் சீனிராஜ், "நாய் ஒரு கிராம்கூட இறங்கல. இறங்கினது பூரா நீங்க."

கழித்துப் பார்த்தேன். நூற்றுப்பதினொன்றில் எழுபத்து மூன்று போனால் முப்பத்தெட்டு. துரை ஆடியில் இருந்த இடத்திலேயே இருக்கிறான். ஆறு மாதம், அத்தனை நடை, அத்தனை சனிக்கிழமை, எல்லாம் போயிற்று. கொடுத்த வார்த்தை வார்த்தைதான். இவன் கழுத்துப்பட்டையில் இருந்த என் சங்கிலியைக் கழற்றினேன். கொக்கி லேசில் கழலவில்லை. கழன்றதும் பட்டையைப் பிடித்து அவர் பக்கம் நீட்டினேன். இவனும் போனான். வெட்கம் கெட்டவன், அவர் கையை நக்கினான்.

அப்போது கோதை வந்து நடுவில் நின்றாள். சிரிக்கிறாள். கண்ணில் தண்ணீர் ஓடுகிறது, சிரிப்பு நிற்கவில்லை. பருப்பு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்து, அந்தக் கடிகாரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு மாமனாரிடம் சொன்னாள்:

"மாமா, துரை அப்பாகிட்டயே இருக்கட்டும். நான் எதுக்குக் கேட்டு வாங்குனேனோ, அது நடந்துருச்சு."

சம்பந்தி கோதையைப் பார்த்தார். என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். முகம் மெதுவாக மாறிற்று. புதுச் சங்கிலியைச் சுருட்டி வெயிலுமுத்துவின் மேஜை மேல் வைத்தார். குனிந்து துரையின் நெற்றியில் தட்டிக்கொடுத்தார்.

"எங்க வம்சத்து நாய்ல்ல. வேட்டைக்கு விட்டா சும்மா திரும்பாது. ஒம்பது கிலோ அடிச்சிருக்குய்யா."

என்ன ஒன்பது கிலோ? இவன் இதுவரை ஒரு பல்லியைப் பிடித்ததில்லை. வெயிலுமுத்து வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டான். எனக்கு அதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள நேரம் இல்லை. நாய் என்னிடமே இருக்கிறது என்று காதில் விழுந்தது, அப்படியே இவனைக் கட்டிக்கொண்டு தராசு மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதும் முள் நூற்றுப்பதினொன்றைக் காட்டியது. கோதைக்கு இவன் மேல் எவ்வளவு பிரியம் பாருங்கள். சங்கிலி போட்டு அங்கே இழுத்துப் போனால் பிள்ளை ஏங்கிப்போகும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் அவளே என்னை இங்கே கூட்டி வந்தாள். இட்லி, தோசை, காந்தல், திருஷ்டிப் பங்கு, ஒன்று விடாமல் டாக்டரம்மாவிடம் சொன்னாள். டாக்டரம்மா முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தோள் குலுங்கியது. அப்புறம் திரும்பி, "ஐயா, வாய்க்குள்ள போறது எல்லாமே சாப்பாடுதான்" என்றார்கள். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா? சாப்பாடு என்றால் சோறு என்று எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும். புதிதாக இலக்கணம் மாற்றினால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

அதனால்தான் உங்களுக்கும் சொல்கிறேன். பூனைக்குப் பால் ஊற்றுகிறீர்களே, அதைக் கணக்கில் சேர்த்தீர்களா? பார்த்தீர்களா, சேர்க்கவில்லை. பாலும் சாப்பாடுதானாம். மீன்காரி போடுகிற தலை, பக்கத்து வீட்டு பிஸ்கட், எல்லாம் சாப்பாடு. அதற்காக ஒரேயடியாகப் பட்டினி போட்டுவிடாதீர்கள். பூனை ரெண்டு மூன்று நாள் தின்னாமல் இருந்தால் ஈரல் கெட்டுவிடுமாம், டாக்டரம்மா இன்னொருவரிடம் சொன்னதைக் கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும். எவ்வளவு என்று அவர்களையே கேளுங்கள். ஐயோ, அந்த பிஸ்கட்டை உள்ளே வையுங்கள் அம்மா. இவன் பார்த்துவிட்டான்.

இப்போது துரைக்கு எல்லாம் அளந்துதான். ராத்திரி இட்லி கிடையாது, காந்தல் கிடையாது. நான் சாப்பிடும்போது கதவைச் சாத்திக்கொள்கிறேன். இவன் வெளியே உட்கார்ந்து கதவைப் பார்க்கிறான். கதவுக்குத்தான் வயிறு வலிக்க வேண்டும். அவனுக்குப் போன பாதியை என்ன செய்வது என்று யோசித்து, அந்தப் பாதியைச் சமைப்பதையே விட்டுவிட்டேன். நடை மட்டும் அப்படியே. விட முடியுமா, இவனுக்கு எடை ஏறிவிடும்.

அதோ பைக் சத்தம். டாக்டரம்மாதான். புடவையெல்லாம் சேறு, முகத்தில் சிரிப்பு இருக்கிறது, கன்று பிழைத்திருக்கும். நீங்கள் முதலில் போங்கள், பூனை ரொம்ப நேரமாகக் கூடையில் இருக்கிறது. எனக்கு அவசரம் இல்லை. இன்றைக்கு எடை பார்த்துப் போனால் போதும், ராத்திரி கோதை போன் பண்ணுவாள். வாரா வாரம் கேட்கிறாள். நான் துரையின் எடையைத்தான் முதலில் சொல்வேன். அது இருக்கட்டும்ப்பா, உங்க எடை எவ்வளவு, அதைச் சொல்லுங்க என்பாள். ஒரு வாரம் விடுவதில்லை. இப்போது புது மேடை வந்துவிட்டது, இவன் தனியாகவே ஏறி நிற்கிறான், என்னைக் கழிக்க வேண்டிய அவசியமே இல்லை என்று எத்தனை தடவை சொல்லியும் அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை.